அன்னத்தின் கழுத்தில் மூன்று துளை

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்திருந்தாலும் எழுந்து நின்றால் அழுகைதான் வரும். அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. "அது வாயில்லாப் பூச்சி" என்று ஊரில் என்னைப் பற்றி நல்லவிதமாகவே சொல்வார்கள். அந்தப் பூச்சி என்ன செய்தது என்று எழுதுகிறேன்.

ஆரணியில் என் தம்பி மகன் டிசைன் கடை வைத்திருக்கிறான். பட்டுப் புடவையின் பார்டரையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளை போட்டு, தறிக்காரர்களுக்குக் கொடுக்கிற கடை. அட்டையில் துளை இருந்தால் தறி அந்த இழையை மேலே தூக்கும், அதற்கு அடியில் ஜரிகை ஓடும். துளை இல்லாவிட்டால் தூக்காது. மயிலும் மாங்காயும் கோபுரமும் எல்லாம் இந்தத் துளைதான். துளை போட்டு வருகிற அட்டைகளை வரிசை மாறாமல் நூலில் கோர்த்துக் கட்டுவது என் வேலை. என் வீட்டுக்காரர் போய், பிள்ளையும் இல்லாமல், தம்பி இருந்த காலத்திலேயே, முன்னறையில் கடை நடக்கிற அந்த வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டேன். தம்பியும் போய்விட்டான். அதன் பிறகு நான் அந்த அறையில் இருக்கலாமா கூடாதா என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் நினைப்பேன்.

கடையில் டிசைன் போட ஒரு பொம்பளை இருந்தாள். சந்தவாசல் பக்கம் ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். ஒரே பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியிருந்தாள். தினமும் பஸ் ஏறி வந்து, செருப்பை வாசலில் நேராக அடுக்கி விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் அசையமாட்டாள். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். அவள் கை போட்ட அன்னம் நிஜமாகவே நீந்துவது போலிருக்கும். ஆரணியில் டிசைன் போடுகிறவர்களுக்குப் பேர்தான் சோறு. "அந்தம்மா கைராசி" என்று தறிக்காரர்கள் சொல்கிற வரைக்கும் வேலை உண்டு. ஒரு தடவை ராசி கெட்டது என்று பேச்சு வந்தால் அடுத்த தெருக் கடைக்காரன்கூட உள்ளே விடமாட்டான். அவளிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

தம்பி மகனுக்கு முப்பது வயது. டிப்ளமா படித்தவன். அவனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் கடைச் சாமான் இல்லை, ஜல்லிக்கட்டுக் காளை. போன மார்கழியில் அதன் பக்கத்து மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வேகத்தை ஏற்றுகிறேன் என்று ஆரம்பித்தான். வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வருவான். இரண்டு பேரும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார்கள். நான் மூலையில் உட்கார்ந்து அட்டை கோர்ப்பேன். நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. என்னை அப்படித்தான் எல்லோரும் பார்ப்பார்கள், முக்காலியைப் பார்ப்பது போல.

"ஓடற வேகம் போதாதா உனுக்கு? புதுசு ஒன்னு வாங்கிடேன்" என்றான் மெக்கானிக்.

"வாங்கறதுல இன்னா கீது? காசு கீறவன் எவனும் வாங்குவான். கம்பெனிக்காரன் உள்ள மறச்சி வெச்சத நாம உருவறோம் பாரு, அதுல தான்பா கிக்கு."

"மறச்சிலாம் வெக்கல. எல்லா சிப்பும் ஒரே மாரி வராது. அதுல மட்டமானது கூட நிக்கிற அளவு பாத்து தான் வேகம் எழுதுவான். உன்து நல்ல சிப்பா இருந்தா மேல ஓடும். இல்லனா ஊத்திக்கும்."

"கன்னுக்குட்டிக்கு விட்டு வெச்ச பாலு. கறந்துட வேண்டியது தான்."

"கற. ஆனா கேட்டுக்க. வேகம் ஏத்தினா கரண்ட்டு கூட குடுக்கணும். கரண்ட்டு ஏத்தினா சூடு. சூடு ஏறினா ஆயுசு கொறையும். கம்பெனி வாரண்டி போயிடும். பவர்லூம்ல மோட்டாருக்குப் பெரிய புல்லி மாட்டி ஓட்றானுங்கல்ல? பீஸு ஜல்தியா வரும், இழையும் ஜல்தியா அறும். அது மாரி தான்."

"இழை அறுந்தா தறி நின்னுடும். இது நிக்கலயே."

"அதான் பேஜாரு" என்றான் மெக்கானிக். "நின்னா நல்லது. நிக்காமயே கணக்கு தப்பும். யாருக்கும் தெரியாது. அதனால ஒரு நாள் முழுக்க கஷ்டமான கணக்காப் போட்டு ஓட்டிப் பாக்கணும். கத்திரி வெயில்ல இன்னொரு வாட்டி பாக்கணும்."

அமாவாசை அன்று ஊரில் தறி ஓடாது. அன்றைக்குப் பரீட்சை வைப்பதென்று முடிவாயிற்று. காலையில் கம்ப்யூட்டரை ஓடவிட்டார்கள். உள்ளிருந்த காற்றாடிகள் கொல்லையில் நெல் தூற்றுகிற மாதிரி இரைந்தன. மெக்கானிக் டீ குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனான். அவன் தெரு திரும்புவதற்குள் தம்பி மகன் பரீட்சையை நிறுத்திவிட்டான். திரையில் வேகத்தைச் சொல்லும் ஒரு எண் வந்திருந்தது. அதை போனில் படம் பிடித்து எங்கெங்கோ இருக்கிற சினேகிதக்காரர்களுக்கு அனுப்பினான். அன்று முழுவதும் போன் டிங் டிங் என்றது. ஒவ்வொரு டிங்குக்கும் அவன் முகம் மலர்ந்தது. கல்யாணம் ஆகும்போதுகூட அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

வேகம் நிஜமாகவே கூடியது. முன்பெல்லாம் பெரிய முந்தானையை அட்டைக் கணக்காக மாற்றக் கொடுத்துவிட்டு அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். இப்போது எழுந்திருக்க நேரமில்லை. மெஷின் முடித்துவிட்டுக் காத்திருக்கும்.

"மெஷினு உக்காந்துகினு கீது, நீ தான் லேட்டு" என்பான்.

பெட்டியின் அனல் அவள் இடது காலில்தான் அடிக்கும். முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து தடித்தது. ஈரத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். "காலு வேகுதா? கீழ உக்காந்து போடு" என்று சிரித்தான்.

தை கடைசியில்தான் முதல் துளையைப் பார்த்தேன். கோர்ப்பதற்கு முன் ஒவ்வொரு அட்டையையும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பது என் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளிச்சம் துளை வழியாக வருவது அழகாக இருக்கும், அதற்காகப் பார்ப்பேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, அட்டை தெரியும். மாங்காய்க்கு வெளியே, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், ஒரு துளை தனியாக இருந்தது.

தப்பாக விழுந்த துளைமேல் காகிதம் ஒட்டி மூடிவிடுவது இந்தத் தொழிலில் உண்டு. மைதாப் பசை காய்ச்சி, பொட்டு அளவு காகிதம் வெட்டி ஒட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் கை தவறியிருக்கும், எதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், சொல்வதைவிட ஒட்டுவது சுலபம்.

மாசியில் இன்னும் சில. பங்குனியில் ஒரே டிசைனுக்கு இரண்டு தறிக்கு இரண்டு செட் அட்டை வந்தது. ஒரு செட்டில் கோபுரத்தின் உச்சியில் ஒரு துளை அதிகம். இன்னொரு செட்டில் அதே அட்டையை எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்தேன். வரைந்த கை தப்பியிருந்தால் தப்பு இரண்டிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் படத்தை அட்டைக் கணக்காக மாற்றுவது மெஷின். ஒன்றில் தப்பு இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் அது மெஷின் செய்தது. மெக்கானிக் சொன்னது இதுதான். நிற்காமலே தப்புகிறது.

அஞ்சாவது படித்த எனக்கு இவ்வளவு புரிந்தது. அன்று ஒரு நாள் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். தம்பி மகனும் மூன்று சினேகிதர்களும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகத்தை இன்னொரு படி ஏற்றியிருந்தான்.

"மூனு மாசமா ஒரு தப்பு வர்ல மச்சான். அவ்ளோ தான். மெக்கானிக்கு சும்மா பயம் காட்றான்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "இன்னா அத்த, அட்டைய தூக்கிகினு வந்து நிக்கிற? அட்டை ஏதாச்சும் பேசுச்சா உங்கிட்ட?"

நால்வரும் சிரித்தார்கள். ஒருவன், "கேளுங்கடா, ஆயா ஜோசியம் சொல்லும்" என்றான்.

"பசை வாங்கணும்" என்றேன்.

"அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வெச்சிகினு நிக்கிற? மைதா தானே, உள்ள கீது பாரு."

திரும்பி வந்து இரண்டு அட்டையில் ஒன்றில் காகிதம் ஒட்டினேன். அவன் தப்பே வரவில்லை என்று நம்பியது என் பசையால்தான். நான் ஒட்ட ஒட்ட அவன் ஏற்றினான்.

சித்திரையில் வெயில் ஏற ஏறத் துளைகளும் கூடின. ஒரு செட்டுக்கு ஏழெட்டு ஒட்டினேன். அந்த மாதம் அவள் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். "கண்ணு மங்கிடிச்சி பெரிம்மா" என்றாள். வரைந்ததையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே இடத்தை விரலால் தடவுவாள். தம்பி மகன் அதைப் பார்த்து, "படத்துக்கு மருந்து பூசறியா? முடிச்சமா அடுத்தத எடுத்தமான்னு இரு" என்பான்.

வைகாசியில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, வெளிச்சம் பார்க்கக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினைந்து நாள் சும்மா படுத்திருந்தேன். அட்டை கோர்க்க அடுத்த வீதிப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அது டிவி பார்த்துக்கொண்டே கோர்க்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார் என்று அதனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படுத்துக்கொண்டே தினமும் அதை நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்கும். ஏன் என்று கேட்டால் எல்லாம் சொல்ல வேண்டிவரும்.

அந்தப் பதினைந்து நாளில்தான் வந்தவாசிப் பக்கத்து ஒரு கல்யாண வீட்டுக்கு அன்னப் பட்சி பார்டர் போட்ட முகூர்த்தப் புடவை தறி ஏறியது. எங்கள் பக்கம் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவருக்கு முதுகுதான் தெரியும். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தால்தான் முகம். நெய்தவர் பார்டர் ஓடுகிறதா என்று பார்த்தாரே தவிர, அன்னத்தின் கழுத்தை யார் பார்ப்பார்கள்? புடவை அறுத்து விரித்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு அன்னத்தின் கழுத்திலும் குறுக்காக ஒரு ஜரிகைக் கோடு. நகக்கண் அளவுகூட இருக்காது. அட்டையில் மூன்றே மூன்று துளை, பக்கத்தில் பக்கத்தில். ஆனால் அதே அட்டை சுற்றிச் சுற்றி வருவதால் பார்டர் முழுவதும் அன்னம் அன்னமாக, எல்லாவற்றுக்கும் கழுத்து அறுத்துப் போட்டது போல இருந்தது.

பெண் வீட்டார் பார்த்தார்கள். பெண்ணின் அத்தை ஒருத்தி புடவையை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். தாலி ஏறும்போது கட்டுகிற புடவையில் கழுத்தறுந்த பட்சியா என்று கேட்டாளாம். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அவர்கள் வண்டி வந்தவாசி போய்ச் சேர்வதற்குள் ஆரணி முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காலை தம்பி மகன் தறிக்காரர்களை எல்லாம் கடைக்கு வரச்சொன்னான். ஏழெட்டுப் பேர், அவர்கள் வீட்டுப் பெண்களும் இரண்டு மூன்று பேர். அவளை நடுவில் நிற்கவைத்துப் புடவையைக் கையில் கொடுத்தான். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். நான் கறுப்புக் கண்ணாடியோடு மூலையில் உட்கார்ந்தேன்.

"எண்ணு" என்றான்.

"எதங்க?"

"எத்தினி கழுத்த அறுத்தன்னு எண்ணு. வாய் விட்டு எண்ணு. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு புடவையைப் பார்த்தாள். எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இருபதைத் தாண்டியதும் யாரோ சிரித்தார்கள். ஒரு தறிக்காரர் மனைவி, "அன்னத்துக்குத் தாலி கட்டிட்டா போல கீதுடி. அவ கழுத்துல தங்காதத அதுங்க கழுத்துல கட்டிக்கினா" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நெய்தவர் மட்டும், "அட்டைல கீறத தானே நெஞ்சேன், என்ன ஒன்னும் சொல்லாதீங்கபா" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பது சொச்சத்தில் அவள் நிறுத்தினாள். "போதும்ங்க" என்றாள்.

"ஏன், இன்னும் மொழம் மொழமா கீதே? கணக்கு மறந்துடுச்சா? அதான் கண்ணாடி மாட்டிகினு கீறியே."

அவள் புடவையை மடித்தாள். அழவில்லை. "நான் போட்ட படத்துல இந்தக் கோடு இல்லீங்க. வேணும்னா தெறந்து பாருங்க. மெஷின பழைய வேகத்துக்கு எறக்கி அதே படத்த ஒரு வாட்டி அட்டை போட்டுப் பாருங்க. ஒரே ஒரு வாட்டி. அதுலயும் வந்தா நான் இப்டியே போயிட்றேன்."

அது நியாயமான பேச்சு என்று தறிக்காரர்களுக்குத் தெரிந்தது. ஒருவர் தலையைக்கூட ஆட்டினார்.

தம்பி மகனின் காது மடல் சிவந்தது. "உன் கையில கொறைய வெச்சிகினு என் மெஷின சொல்றியா? அஞ்சாறு மாசமா ஓட்றேன். ஒரு தப்பு வந்துதா? கோர்க்கறது எங்க அத்த. ஒவ்வொரு அட்டையும் அது கையில தான் போவுது." என் பக்கம் திரும்பினான். "அத்த, நீயே சொல்லு. இதுக்கு முன்ன அட்டைல தப்பு துளை வந்துகீதா?"

அவளும் திரும்பினாள். "பெரிம்மா" என்றாள்.

என்னிடம் எல்லாம் இருந்தது. ஊரில் ஓடுகிற எந்தத் தறியில் எத்தனையாவது அட்டையில் நான் காகிதம் ஒட்டியிருக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு செட் கோபுர அட்டையும் இரண்டு வீடுகளில் இருக்கிறது. எடுத்துவந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குருடனுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும். தெரிந்துகொண்டு ஏன் மூடினாய் என்பான். இத்தனை பேர் முன்னால் கேட்பான். சாயங்காலம் என் டிரங்குப் பெட்டி வாசலில் இருக்கும்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் என் கண்ணை யாராலும் பார்க்க முடியவில்லை. அதற்காக அன்று கண் டாக்டரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றேன். "நான் அஞ்சாவது படிச்சவ."

நாலு பேர் நடுவில் தடங்கலில்லாமல் நான் பேசிய பேச்சு என் ஆயுசிலேயே அது ஒன்றுதான். நாக்கு ஒட்டவே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். வாசலில் நேராக வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் காலில் சுற்றுகிற ஈரத் துணி நாற்காலியிலேயே கிடந்தது.

அடுத்த தெருக் கடையில் கேட்டாளாம். அதற்கடுத்ததிலும் கேட்டாளாம். கழுத்தறுத்த கை என்று பேர் வந்துவிட்டது. பெரணமல்லூரில் யாரோ பழக்கம் என்று போய்ப் பார்த்தாளாம், அவளுக்கு முன்னால் பேச்சு அங்கே போயிருந்தது.

டிசைன் போடப் புதிதாக ஒரு பெண் வந்தது. எனக்குக் கண் தெளிந்து வேலைக்கு உட்கார்ந்தேன். முதல் செட்டை ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது துளை. வேறு கை, அதே மெஷின். புதுக் கண்ணில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சகிக்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, போய்ச் சொல்லிவிட்டேன். காகிதம் ஒட்டியது, கோபுரம், அன்னம், எல்லாம். சொல்லிவிட்டுப் பெட்டியை வெளியே வைக்கப்போகிறான் என்று நின்றேன்.

அவன் கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு யோசித்தான்.

"ஒரு செட்டுக்கு எத்தினி வருது?"

"ஒம்போது, பத்து."

"அவ்ளோ தானா? ஒட்ட எவ்ளோ நேரம் ஆவுது உனுக்கு?"

"காயணும். அர மணி."

"ஏன் அத்த இத மொதல்லயே சொல்ல மாட்டியா? நான் வேற சூடு ஜாஸ்தியா கீதேன்னு கொஞ்சம் எறக்கலாம்னு நெனச்சிகினு இருந்தேன்." சிரித்தான். "நீ ஒட்டிகினே இரு. உன்ன விட்டா யாரு கீறா எனுக்கு? அந்த ரூம்பு உன்து தான், எங்க போவப்போற?"

அவளைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கேட்டேன். அதைக் கேட்பதற்குள் புடவைத் தலைப்பு முழுவதும் என் கைக்குள் கசங்கிவிட்டது.

"எதுக்கு? கூப்டா என் மெஷினு தப்புன்னு ஆயிடாதா? புதுப் பொண்ணு நல்லா தான் போடுது."

அன்றே வேகத்தை இன்னொரு படி ஏற்றினான். எண்ணைப் படம் பிடித்து அனுப்பினான். டிங் டிங் என்றது. பின்னறை எனக்குத்தான் என்று அவன் வாயால் சொன்னது அன்றுதான். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஐப்பசியில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பார்த்ததும் கடை மறைவில் ஒதுங்கப் போனேன். அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். மகள் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். அதே மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"இன்னா பெரிம்மா, எளச்சிட்டீங்க? கண்ணு தெரியுதா நல்லா?"

"தெரியுது."

"எனுக்கு தான் போச்சி" என்று சிரித்தாள். "நீங்க காய்தம் ஒட்னதுலாம் நான் பாத்துகினு தான் இருந்தேன் பெரிம்மா. மாசி மாசத்துலேர்ந்து தெரியும். என் தப்ப மூடி மூடி ஒட்றீங்கன்னு தெரியும். அதான் போயி கண்ணாடி வாங்கினேன். வாங்கியும் நிக்கல."

குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அன்னிக்கி ஏன் சொல்லல? நான் ஒட்னேன்னு?"

"சொன்னா உங்கள ரூம்ப விட்டுத் தொரத்திடுவான்ல? என்னால நீங்க ஏன்?" கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அந்தப் பொடவ வந்தப்ப மட்டும் மெஷினோன்னு நெனச்சேன். அதான் வேகத்த எறக்கிப் பாக்கச் சொன்னேன். அப்பறம் நீங்க எனுக்கு இன்னா தெரியும்னீங்க பாருங்க, அப்ப தான் வெளங்கிச்சி. மெஷினு தப்பா இருந்தா பெரிம்மா சொல்லாம இருப்பாங்களா? என்ன காட்டிக் குடுக்க மனசு இல்லாம தான் தெரியாதுன்னு சொல்றாங்கன்னு. அந்தக் கடைல என்ன மனுஷியா பாத்தது நீங்க ஒருத்தர் தான்."

சந்தவாசல் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. ஜனம் முண்டியடித்தது. அவள் பையைத் துழாவி ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"ஒடம்ப பாத்துக்கோங்க" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும். மெஷின் என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவளே புரிந்துகொள்வாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். பஸ் கிளம்பியது. ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாவைக் கடித்தேன். நல்ல பழம், உள்ளே சிவப்பாக, இனிப்பாக இருந்தது. கொட்டையோடு முழுவதும் தின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு செட் அட்டை வந்திருந்தது. மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன்.